பைக்கில் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் இஞ்சின் ட்யூனிங் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லிப்-ஆன் சைலன்சர் மட்டும் மாட்டப் போகிறேன். ட்யூனிங் செய்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இஞ்சினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பும் அதிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) அப்படியே இருக்க, பின்னால் உள்ள உருளையை மட்டும் மாற்றுவதுதான் ஸ்லிப்-ஆன். புகை வெளியேறும் வழியில் இறுக்கமான இடங்களில் ஒன்று கன்வெர்ட்டர். அதைத் தொடாதவரை இஞ்சின் இழுக்கும் காற்றில் பெரிய வித்தியாசம் வராது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் (பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் தெளிக்கும் வண்டி) எதையும் தொட வேண்டியதில்லை. கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) உள்ள வண்டியில் ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டர் தொடாமல் இஞ்சின் ஓடும் வேகத்தை, சரிபார்த்து ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போது தடுமாறினால் மட்டும் மெயின் ஜெட்டை (பெட்ரோல் ஏறும் ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் திருகு) ஒரு சைஸ் ஏற்றலாம்.

சில வண்டிகளில் கன்வெர்ட்டர் அந்தப் பின் உருளைக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் மாட்டினால் பெயர்தான் ஸ்லிப்-ஆன், விளைவு பெண்ட் பைப் முதல் சைலன்சர் வரை முழு சிஸ்டத்தையும் மாற்றியதற்குச் சமம். வாங்கும் முன் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றினால்?

எந்த ஃபில்டர் என்பதைப் பொறுத்தது. கம்பெனி ஃபில்டர் பாக்ஸுக்குள் பழைய ஃபில்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் பருத்தித் துணி ஃபில்டருக்கோ ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கோ ட்யூனிங் வேண்டாம். காற்றை அதிகம் மறிப்பது பல வண்டிகளில் ஃபில்டர் காகிதமே அல்ல. பாக்ஸின் வாயில் இருக்கும் குறுகலான ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூக்குக்குழாய்தான். காகிதத்தை மாற்றினாலும் மூக்கு அதே மூக்குதான்.

அந்த மூக்கைக் கழற்றினாலோ, பாக்ஸ் மூடியில் ஓட்டை போட்டாலோ கதை வேறு. கார்புரேட்டர் வண்டிக்குக் கட்டாயம் ஜெட் மாற்ற வேண்டும். பாக்ஸையே தூக்கிவிட்டு கார்புரேட்டர் வாயில் கூம்பு மாதிரி பாட் ஃபில்டரைச் சொருகினால், ட்யூனிங் செய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

காற்று கூடினால் பெட்ரோலும் தானாகக் கூடாதா? அதற்குத்தானே கார்புரேட்டர்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தால் மற்ற பாதிக் கேள்விகள் எழாது.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்த எண் இறங்கும். 10 சதவீதம் கலந்திருந்தால் சுமார் 14.1. முழு பவர் வேண்டிய நேரத்தில் பெட்ரோல் சற்றுத் தூக்கலாக, 12.5 முதல் 13 வரை இருந்தால்தான் இஞ்சின் நன்றாக இழுக்கும், சூடும் கட்டுக்குள் நிற்கும். காற்று இதைவிட மிஞ்சினால் லீன், பெட்ரோல் மிஞ்சினால் ரிச்.

கார்புரேட்டரில் பெட்ரோலை மேலே தள்ளுவது அழுத்த வித்தியாசம். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம். மேலே, காற்று வேகமாகப் பாயும் குறுகலில் அழுத்தம் குறைவு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் ஜெட் வழியே பெட்ரோலை ஏற்றுகிறது. சைலன்சரைத் திறந்துவிட்டு இஞ்சின் கூடுதல் காற்றை இழுத்தால், குறுகலில் வேகம் கூடும், அழுத்தம் இன்னும் குறையும், பெட்ரோலும் கூடவே ஏறும். ஆகவே சைலன்சர் மாற்றத்தைக் கார்புரேட்டர் ஓரளவு தானே ஈடுகட்டிவிடும்.

ஃபில்டர் பக்கம் அப்படியில்லை. கம்பெனி ஃபில்டரும் மூக்கும் காற்றை மறிப்பதால் பாக்ஸுக்குள் எப்போதும் வெளிக்காற்றைவிட அழுத்தம் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் பல கார்புரேட்டர்களில் கிண்ணத்தின் மூச்சுக்குழாய் திறப்பது வெளிக்காற்றில். அந்தக் கூடுதல் வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கம்பெனி ஜெட் சைஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மறிப்பை எடுத்துவிட்டால் வித்தியாசம் குறைகிறது: காற்று கூடும், ஜெட் வழியே ஏறும் பெட்ரோலோ அதற்கு ஈடாகக் கூடாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வண்டி ரிச்சாகிக் கறுப்புப் புகை விடுவதும் இதே காரணத்தின் மறுபக்கம்தான். சைலன்சரைவிட ஃபில்டர் பாக்ஸில் கை வைப்பதுதான் கலவையை அதிகம் கெடுக்கும். வண்டிக்காரர்கள் பயப்படுவதோ பெரும்பாலும் சைலன்சருக்கு.

இன்ஜெக்‌ஷன் வண்டி எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார்களே?

பாதி உண்மை. பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து, ஏறக்குறைய 0.1 முதல் 0.9 வோல்ட் வரை சிக்னல் கொடுக்கும். 0.45-க்கு மேலே போனால் ரிச், கீழே போனால் லீன். இசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதைப் பார்த்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் இந்தத் திருத்தம் நடப்பது ஐட்லிங்கிலும், ஒரே வேகத்தில் நிதானமாகப் போகும்போதும்தான். ஆக்சிலேட்டரைச் சட்டென முறுக்கினாலோ முழுக்கத் திறந்தாலோ இசியூ சென்சரை ஒதுக்கிவிட்டு, தன்னிடமுள்ள அட்டவணைப்படி பெட்ரோலை அடிக்கும். அந்த அட்டவணைக்கு உங்கள் புது ஃபில்டரைப் பற்றித் தெரியாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காற்று உள்ளே போகும் குழாயின் அழுத்தத்தை அளந்து கணக்கிடும் வண்டி, ஃபில்டர் மாற்றத்தை ஓரளவு உணர்ந்துகொள்ளும். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எத்தனை ஆர்பிஎம் என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் வண்டிக்குக் காற்று கூடியதே தெரியாது. பல வண்டிகள் இரண்டையும் கலந்து பயன்படுத்துகின்றன.

நடைமுறையில்: ஸ்லிப்-ஆன், பாக்ஸுக்குள் போகும் ஃபில்டர், அல்லது இரண்டும் சேர்ந்து என்றாலும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். கன்வெர்ட்டர் இல்லாத முழு சிஸ்டத்தோடு மூக்கும் கழன்றால் மேப்பை, அதாவது அந்த அட்டவணையை, மாற்ற வேண்டும்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் இசியூ புதிதாகக் கற்றுக்கொள்ளுமா?

கற்ற திருத்தங்கள் சில வண்டிகளில் அழியும், சிலவற்றில் அழியாது. அழிந்தாலும் அட்டவணை மாறாது. இதை ட்யூனிங் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

லீன் ஓடுகிறதா, ரிச் ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லீன் என்றால்: ஒரே வேகத்தில் போகும்போது வண்டி முன்னும் பின்னும் லேசாக இழுத்து விடும். ஆக்சிலேட்டரைத் திறந்ததும் ஒரு கணம் வெறுமை, பிறகு பிக்கப். ஆக்சிலேட்டரை விட்டபின் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலே தொங்கும். கார்புரேட்டர் வழியாகப் பின்னோக்கித் தும்மும். இஞ்சின் சூடான பிறகும் சோக் போட்டால்தான் நன்றாக ஓடும்.

ரிச் என்றால்: மந்தம், மேல் ஆர்பிஎம்மில் பொருமல், பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு. காலையில் குளிர்ந்திருக்கும்போது அருமையாக ஓடி, சூடேறியதும் சொதப்பினால் ரிச் பக்கம் சந்தேகப்படலாம்.

பிளக்கின் நிறம் உதவும். ஆனால் இன்றைய பெட்ரோலில் பழைய காலத்து பிஸ்கட் நிறம் எப்போதும் தெரியாது. சும்மா கழற்றிப் பார்த்தால் கடைசியாக ஐட்லிங்கில் நின்ற கதையைத்தான் பிளக் சொல்லும். புதிய பிளக் மாட்டி, பாதுகாப்பான ஆளில்லாத இடத்தில் முழு ஆக்சிலேட்டரில் சில நொடிகள் ஓட்டி, கிளட்சைப் பிடித்துக்கொண்டே சுவிட்சை அணைத்து, வண்டியை உருட்டி நிறுத்திக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானின் அடியில், உலோகத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் சரி. வளையமே இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக, பளபளக்கும் புள்ளிகளோடு இருந்தால் அத்தோடு ஓட்டுவதை நிறுத்தி ஜெட்டைப் பெரிதாக்குங்கள்.

புது சைலன்சர் மாட்டியதும் ஆக்சிலேட்டரை விடும்போது டப் டப் என்று வெடிக்கிறது. லீனா?

இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் அதுவல்ல. ஆக்சிலேட்டரை மூடும்போது எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாய்க்குள் போகும். அங்கே கொஞ்சம் வெளிக்காற்று கிடைத்தால் பற்றிக்கொள்ளும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சிலிண்டர் தலையோடு பெண்ட் பைப் சேரும் கேஸ்கெட், சைலன்சர் சொருகும் இடம் இரண்டையும் பாருங்கள். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன், பைப் சூடாவதற்குள், சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளித்தால் கசிவிடத்தில் குமிழி வரும். பைப்பில் சாம்பல் நிறக் கோடு படிந்திருந்தாலும் அங்கே கசிகிறது.

புகையைச் சுத்தமாக்க எக்ஸாஸ்ட் வாயிலேயே காற்றைச் செலுத்தும் ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு. அந்தக் காற்றாலும் வெடிக்கும். கம்பெனி சைலன்சரில் அந்தச் சத்தம் அமுங்கிப்போயிருக்கும், திறந்த சைலன்சரில் வெளியே கேட்கும், அவ்வளவுதான். எப்போதாவது லேசாக டப் என்பது கோளாறு அல்ல. தொடர்ந்து பலமாக வெடித்தால், கசிவு இல்லை என்று உறுதியான பின் ஸ்லோ ஜெட் (ஐட்லிங்கிலும் குறைந்த ஆக்சிலேட்டரிலும் பெட்ரோல் தரும் சின்ன ஜெட்) பக்கம் போங்கள்.

கார்புரேட்டரில் ஜெட் மாற்றுவதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் டேப்பெட் (வால்வு) இடைவெளி, பிளக், இஞ்சினோடு கார்புரேட்டர் சேரும் ரப்பர் குழாயில் வெடிப்பு இவற்றைச் சரிபாருங்கள். அந்த ரப்பரில் ஒரு மயிரிழை வெடிப்பு போதும், எந்த ஜெட்டைப் போட்டாலும் வண்டி லீனாகவே இருக்கும்.

பிறகு ஆக்சிலேட்டர் கைப்பிடியின் விளிம்பில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். பக்கத்து சுவிட்ச் பெட்டியில் ஒரே ஒரு கோடு. எந்தக் கோட்டில் வண்டி தடுமாறுகிறது என்பதை வைத்துத்தான் எந்தப் பாகம் என்று தெரியும். மூடிய நிலையிலிருந்து கால் வரை ஸ்லோ ஜெட்டும் அதன் திருகும். காலிலிருந்து முக்கால் வரை ஊசி, அதாவது பெட்ரோல் வழியில் ஏறி இறங்கும் கூர்மையான கம்பி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும்.

மெயின் ஜெட்டில் ஆரம்பியுங்கள். முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போது கைப்பிடியைச் சற்றே தளர்த்துங்கள். அந்தக் கணம் வண்டி முன்னே பாய்ந்தால் லீன், ஜெட்டைப் பெரிதாக்குங்கள். தளர்த்தினால் இயல்பாக வேகம் குறைந்தால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். பொருமிக்கொண்டே ஓடினால் ஜெட் பெரிது.

அடுத்து ஊசி. ஊசியின் தலையில் ஐந்து காடிகள் (வெட்டுப் பள்ளங்கள்) இருந்தால் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், கலவை ரிச்சாகும். இது தலைகீழாகத் தோன்றுவதால் நிறையப் பேர் எதிர்த்திசையில் மாற்றிவிட்டுக் குழம்புகிறார்கள். காடியே இல்லாத ஊசி என்றால் அதன் தலைக்கடியில் அரை மி.மீ. தடிமனில் ஒரு சின்ன வாஷர் போடலாம். கிளிப்பைக் கழற்றும்போது உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். அது தெறித்துப் போனால் தேடிக் கிடைப்பது அரிது.

கடைசியில் ஸ்லோ. இஞ்சின் நன்றாகச் சூடான பின், ஐட்லிங்கில், திருகை மெல்லத் திருப்பி ஆர்பிஎம் மிக உயரும் இடத்தில் நிறுத்துங்கள். திருகு இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு, வெளியே திருப்பினால் ரிச். ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் லீன். பெட்ரோல் திருகை மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் சிறிது. ஒரு சுற்றுக்குள்ளேயே நன்றாக ஓடினால் பெரிது. காற்றுத் திருகுக்கு இது அப்படியே தலைகீழ்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். ஜெட்டுகள் பித்தளை; வாய்க்குப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் காடி வழித்துப்போகும், அப்புறம் ஜெட்டைக் கழற்றுவதே பெரும்பாடு.

எத்தனை சைஸ் ஏற்ற வேண்டும்?

தொடக்கத்துக்கு ஒரு கணக்கு: ஸ்லிப்-ஆனும் பாக்ஸுக்குள் போகும் ஃபில்டரும் என்றால் மெயின் ஜெட் ஒரு சைஸ். மூக்கைக் கழற்றினால் இரண்டு அல்லது மூன்று. பாட் ஃபில்டரும் முழு சிஸ்டமும் என்றால் நான்கு, ஐந்துகூட ஆகலாம், ஸ்லோ ஜெட்டும் ஒரு சைஸ் கேட்கும். வேண்டியதைவிடப் பெரிய ஜெட்டில் ஆரம்பித்து இறங்கி வாருங்கள். ரிச்சாக ஓடி ஒரு பிளக் கரி பிடித்தால் துடைத்துக்கொள்ளலாம், லீனாக ஓடி பிஸ்டன் உருகினால் துடைக்க ஒன்றுமில்லை.

ஜெட் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மிக்குனி, கெய்ஹின் என்ற இரண்டு கார்புரேட்டர் கம்பெனிகளும் எண்ணிடும் முறை வேறு. மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் பாய்ச்சலின் அளவு, கெய்ஹினில் ஓட்டையின் விட்டம். இதில் 110-ம் அதில் 110-ம் ஒன்றல்ல.

பாட் ஃபில்டர் போட்டேன், ஜெட் எல்லாம் மாற்றிவிட்டேன். நடு ஆக்சிலேட்டரில் தடுமாற்றம் போகவே இல்லை.

உங்களுடையது சிவி கார்புரேட்டராக இருக்கும். அதில் காற்று வழியைத் திறக்கும் பிஸ்டனைத் (இஞ்சின் பிஸ்டன் அல்ல) தூக்குவது கேபிள் அல்ல, ரப்பர் டயஃப்ரத்தின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம். கீழ்ப்புற அழுத்தத்துக்கான ஓட்டை கார்புரேட்டரின் வாய் விளிம்பிலேயே இருக்கும். பாட் ஃபில்டரின் ரப்பர் கழுத்து அதை மூடிவிட்டால் பிஸ்டன் ஏறாது. கழுத்தின் உள்விளிம்பைக் கவனமாக வெட்டி ஓட்டையைத் திறந்துவிடுங்கள். அப்படியும் தீராவிட்டால், பாக்ஸுக்குள் அமைதியாக நின்ற காற்று இப்போது பக்கவாட்டுக் காற்றிலும் வேகத்திலும் கலங்குகிறது, பிஸ்டன் துடிக்கிறது. எந்த ஜெட்டும் அதைத் தீர்க்காது. இந்த வகைக் கார்புரேட்டருக்குக் கம்பெனி பாக்ஸே மேல்.

பிக்கிபேக் பெட்டியா, இசியூ ரீமேப்பா?

பவர் கமாண்டர் போன்ற பிக்கிபேக் பெட்டி, இசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து பெட்ரோல் நேரத்தை மாற்றும். கழற்றினால் வண்டி பழையபடி. ரீமேப் என்றால் இசியூவுக்குள் இருக்கும் அட்டவணையையே மாற்றுவது. இக்னிஷன், ஆர்பிஎம் எல்லை, ஃபேன் எல்லாவற்றையும் தொடலாம். எதுவானாலும் டைனோவில் (பவரை அளக்கும் இயந்திரம்) ஏற்றி, வைட்பேண்ட் சென்சர் (கலவையைத் துல்லியமாக அளக்கும் சென்சர்) வைத்து உங்கள் வண்டிக்கே எடுத்த மேப்தான் மதிப்புள்ளது. சென்சர் வயரில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்து இசியூவை ஏமாற்றும் மலிவு பெட்டிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெட்ரோலைக் கூட்டும், அல்லது இசியூ அதையும் திருத்திவிடும்.

பவர் எவ்வளவு கூடும்? பேக் பிரஷர் போய்விடுமா?

சின்ன வண்டியில் ஸ்லிப்-ஆனும் ஃபில்டரும் தரும் பவர் கையில் உணரும் அளவுக்கு இருக்காது. சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போல் தோன்றும். எடை குறைவது மட்டும் மெய்யான லாபம்.

பேக் பிரஷர், அதாவது புகையை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம், இஞ்சினுக்கு நல்லது என்பது தவறு. எந்த இஞ்சினும் புகையைத் தள்ளக் கஷ்டப்பட விரும்பாது. குழாய் அளவுக்கு மீறிப் பெரிதானால் புகையின் வேகம் குறையும், அடுத்த சுற்றுக்குப் புதுக்கலவையை இழுத்துவிடும் அலை தவறும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போகும். அதைத்தான் பேக் பிரஷர் போச்சு என்கிறார்கள்.

மாட்டும்போது என்ன தவறு நடக்கும்?

பழைய எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவதுதான் முதல் தவறு. அது ஒருமுறை நசுங்கிவிட்டால் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, சிலிண்டர் தலை நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அப்புறம்தான் சைலன்சர் போல்ட்டை இறுக்க வேண்டும். 6 மி.மீ. நட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஸ்டீல் பைப்பில் பட்ட விரல் ரேகையைத் துடைக்காமல் ஸ்டார்ட் செய்தால் அது கறையாகவே சுட்டுப்போகும்.

ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால் வினோதமான கோளாறு வரும். வெளிக்காற்று உள்ளே இழுபட, சென்சர் அதைப் பார்த்து லீன் என்று சொல்ல, இசியூ பெட்ரோலைக் கொட்டும். மைலேஜ் சரியும், பிளக் கறுக்கும். மேப்பில் தேடிப் பயனில்லை, கேஸ்கெட்டைப் பாருங்கள். முழு சிஸ்டம் வாங்கினால் சென்சர் மாட்டும் துளை இருக்கிறதா, மரை அளவு பொருந்துகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். பைப்புக்குள் வால்வும் அதை இயக்கும் மோட்டாரும் இருந்த வண்டியில், மோட்டார் வயரைப் பிடுங்கினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

துணி ஃபில்டரை எப்படிக் கழுவுவது?

அதற்கான திரவத்தில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே தண்ணீர் விட்டு, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றடித்தால் இழை விலகித் தூசி உள்ளே போகும். எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடாக விடுங்கள், சொட்டினால் அதிகம். எண்ணெயே இல்லாத துணி ஃபில்டர் தூசியைச் சரியாக வடிகட்டாது, அந்தத் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும். தேய்ந்த சிலிண்டருக்கு எந்த ட்யூனிங்கும் கிடையாது.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கும் இதே கணக்கா?

இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறும் கூம்பும் சேர்ந்துதான் இஞ்சினின் வால்வு மாதிரி வேலை செய்கின்றன. அதை மாற்றினால் ஜெட் பார்த்தே ஆக வேண்டும். ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். லீனாக ஓடினால் சூடும் உராய்வும் சேர்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மலைக்குப் போனால்?

ஏறக்குறைய ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காற்றின் அடர்த்தி ஒரு சதவீதம் குறையும். கார்புரேட்டர் வண்டி மேலே போகப் போக ரிச்சாகும். மலையில் ஜெட்டைக் குறைத்தால், இறங்கியதும் மறக்காமல் பழைய ஜெட்டைப் போடுங்கள். இன்ஜெக்‌ஷனில் இந்தக் கவலை இல்லை.

வாரண்டி, சட்டம்?

கன்வெர்ட்டரை எடுப்பதும் ஒலி வரம்பை மீறுவதும் பல நாடுகளில் சட்டப்படி தவறு. இஞ்சின் சம்பந்தப்பட்ட வாரண்டி கேட்கும்போது மேப் மாற்றம் கேள்விக்கு வரும்.

பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகுமா?

ஜெட்டும் ஊசியும் திரும்பினால்தான். பெரிய ஜெட்டோடு கம்பெனி சைலன்சரையும் ஃபில்டர் பாக்ஸையும் மாட்டினால் வண்டி கறுப்புப் புகைதான் விடும். கழற்றிய ஜெட்டுகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, எண்ணையும், ஊசி எந்தக் காடியில் இருந்தது, திருகு எத்தனை சுற்று திறந்திருந்தது என்பதையும் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து, கழற்றிய சைலன்சரோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.